ஆரஞ்சுப் பெட்டியின் நம்பர்

எங்கள் குப்பத்தில் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம். வலை கேட்கலாம், எஞ்சின் கேட்கலாம், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நகைகூடக் கேட்கலாம். பாயிண்டை மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவனை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். கொடுத்தவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லும்.

பாயிண்ட் என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கடலுக்கு அடியில் அங்கங்கே பாறை மேடு இருக்கும், அதைப் பார் என்போம். சங்கரா, கொடுவா மாதிரி மீனெல்லாம் அங்கேதான் தங்கும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். நாயாக அலைந்து ஒரு பாரைக் கண்டுபிடித்தால், கையடக்க ஜிபிஎஸ் மெஷினில் ஒரு பட்டனை அமுக்கிப் பதிந்துகொள்வோம். ஒன்று, இரண்டு என்று மெஷினே நம்பர் போட்டுக்கொள்ளும். என் மெஷினில் நாற்பத்து மூன்று இருந்தன. இந்தப் பக்கிரியின் சொத்து என்ன என்று என்னைக் கேட்டால் படகைச் சொல்ல மாட்டேன், சாந்தோம் ஹவுசிங் போர்டு வீட்டைச் சொல்ல மாட்டேன், அந்த நாற்பத்து மூன்றைத்தான் சொல்வேன்.

இதற்கு முன்னால் வைத்திருந்த மெஷின் அலையில் செத்தது. கரையிலிருந்து படகைத் தள்ளிக்கொண்டு அலை தாண்டும்போது ஒரே அடி, படகு முழுக்கத் தண்ணீர். தண்ணீர் புகாது என்று விற்றவன் சொன்னதெல்லாம் உப்புத் தண்ணீருக்குத் தெரியவில்லை. மறுபடி ஒவ்வொரு பாராகத் தேடிப் பதிய இரண்டு வருஷம் ஆனது. அதற்குப் பிறகுதான் தி.நகரில் ரங்கநாதன் தெருப் பக்கத்துச் சந்தில் ஜமீலுன்னிசாவின் கடைக்குப் போனேன். செல்போன் கவரும் கேமரா பெட்டியும் விற்கிற ஆறடிக் கடை. அந்த அம்மாள் ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டியை எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று காட்டினாள். நல்ல கனமான உடம்பு. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“தண்ணியில போட்டா மிதக்கும் நைனா. நீ முழுகினாலும் இது முழுகாது” என்றாள். யாராவது ஒரு மீனவனிடம் இப்படிச் சொல்வார்களா? ஆனால் அந்தப் பேச்சுக்காகவே வாங்கினேன். மூடியின் ஓரத்தில் ரப்பர் வளையம், உள்ளே மெஷின் அசையாமல் உட்கார அளவாக வெட்டிய ஃபோம், வெளியே மூன்று சக்கரம் வைத்த நம்பர் பூட்டு.

அன்றைக்கே காவேரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். காவேரி என் பெண்டாட்டி. நான் பிடிப்பதை அபிராமபுரத்து வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்கிறவள்.

“நாலு ஒண்ணு ஏழு. நாலாவது பிளாக், பதினேழாம் நம்பர் வீடு, நம்ம வீடு. மறந்துடாத” என்றேன்.

“எனக்கெதுக்குய்யா இது?”

“என்னிக்காவது நான் வராம, இந்தப் பெட்டி மட்டும் கரைக்கு வந்துச்சுன்னா தொற. கடைசியா எந்த எடத்துல இருந்தேன்னு மெஷின்ல காட்டும். அங்க வந்து தேடச் சொல்லு.”

அவள் என் வாயில் அடித்தாள். அப்புறம் அழுதாள். பிறகு நம்பரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் படகில் எஞ்சின் பிடிக்கிற ஆரோக்கியராஜுக்குக்கூட அந்த நம்பர் தெரியாது. இந்த உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்று சொல்வதும் தப்பு. காவேரியின் தம்பி டில்லிபாபு எட்டு வயதில், அம்மா செத்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்து வளர்ந்தான். போன வருஷம்தான் கல்யாணம் முடிந்து, தனியாக ஃபைபர் படகு வாங்கி, தனியாகக் கடலுக்குப் போக ஆரம்பித்தான். முதல் நாலைந்து மாதம் வெறும் கையோடுதான் திரும்பினான். பாவம், பழகப் பழக வரும் என்று நானே தட்டிக்கொடுத்தேன்.

திடீரென்று அவனுக்கு மீன் பட ஆரம்பித்தது. என் பன்னிரண்டாம் பாயிண்டுக்குப் போனால் அங்கே அவன் படகு நிற்கும். இன்னொரு நாள் பத்தொன்பதில் நிற்கும். கடல் பெரிது, பையனுக்கு யோகம் அடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஆரோக்கியராஜ் மட்டும் ஒரு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அப்போதே விளங்கிவிட்டது. எனக்குத்தான் மூளை வேலை செய்யவில்லை.

முப்பத்தொன்றாம் பாயிண்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே பார் கிடையாது, மீனும் கிடையாது. பழைய இரும்புப் படகு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் புது வலை அதில் மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்து, கடைசியில் அறுத்துவிட்டு வந்தேன். இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று அதையும் பதிந்து வைத்தேன். மெஷினில் எல்லாம் வெறும் நம்பர்தான். எது மீன், எது இரும்பு என்பது என் மண்டைக்குள் இருக்கிறது. வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தவன் என்று கேலி பண்ணுவார்களே என்று இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கரைக்கு வந்தபோது டில்லிபாபு மணலில் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வலை தாறுமாறாகக் கிழிந்து, அங்கங்கே துருக்கறை ஏறியிருந்தது. ஐயோ என்று கிட்டே போனேன், சேர்ந்து பின்னிக்கொடுக்கலாம் என்றுதான். உட்கார்ந்து வலையைப் புரட்டினேன். சிக்கலுக்குள் ஒரு மிதவை கையில் தட்டுப்பட்டது. பாசி பிடித்திருந்தது. விரலால் தேய்த்தேன். இரண்டு மஞ்சள் கோடு.

குப்பத்தில் ஒவ்வொருவன் மிதவைக்கும் ஒரு அடையாளம் உண்டு. இரண்டு மஞ்சள் கோடு என்னுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அறுத்துவிட்டு வந்த வலையின் மிதவை அது.

“எங்கடா மாட்டிச்சு?” என்றேன்.

“கடல்லதான் மாமா” என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

“கடல்ல எங்க?”

“தெரியல மாமா. நீவாட்டுல போய்க்கினே இருந்தோம்.”

பன்னிரண்டு, பத்தொன்பது, இப்போது முப்பத்தொன்று. நீவாடு என்கிற நீரோட்டம் ஒருவனை என் பாயிண்டாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய் விடுமா? என் காதில் பூ சுற்றுகிறான், அதுவும் என் மடியில் தூங்கி வளர்ந்த பையன். மிதவையை லுங்கியில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

நேராக வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டைச் சந்தேகப்பட எனக்குத் தைரியம் இல்லை. யாராவது வெளியாள் மேல் பழி விழுந்தால் தேவலை என்று இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து தி.நகருக்குப் போய் ஜமீலுன்னிசாவின் கடை முன்னால் நின்று கத்தினேன். ஃபோம் வெட்டுகிற சாக்கில் என் மெஷினைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து விற்றுவிட்டாய் என்றேன். சந்தில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த அம்மாள் கத்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“நைனா, உன் மிஷினை நான் தொட்டனா? நல்லா நெனச்சிப் பாரு. என் கையில குடுக்க மாட்டேன்னு நீயே பேப்பர் மேல வெச்சி, நீயே பென்சில்ல கோடு போட்டே. அந்தப் பேப்பரைப் பாத்துதான் நான் வெட்டினேன். நெனப்பு கீதா?”

நினைப்பு இருந்தது. அன்றைக்கு மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நின்றேன்.

அவள் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள், ரப்பரை விரலால் தடவினாள்.

“ஒடைக்கல, நெம்பல, ஒரு கீறல் இல்ல. நம்பர் தெரிஞ்சவங்கதான் தொறந்துகிறாங்க. நம்பர் யாருக்குத் தெரியும்?”

பெட்டியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னாள். அவளைக் கள்ளி என்று சொன்ன வாயால் அந்த டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது காவேரி வியாபாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி, மீன் விற்ற அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். “முப்பத்தொண்ணாம் பாயிண்டுல, முழுகின படகுல மாட்டி நான் அறுத்துட்டு வந்த வலையோட மிதவை, டில்லிபாபு வலையில வந்துகீது” என்று அதை அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழாயை மூடினாள். அவள் குழாயை மூடிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போ?” என்றேன்.

“தைப்பூசம் கழிச்சி. நீ கடல்லேர்ந்து வந்து தூங்கிக்கினு இருந்தே.”

“நான் எங்க தூங்கினேன்?”

“இங்கதான்.” அவள் கையைக் காட்டிய இடம் பெட்டி வைக்கும் அலமாரியிலிருந்து நாலடிகூட இல்லை.

நாலு ஒண்ணு ஏழு என்று அவள் திருப்பியிருக்கிறாள். டில்லிபாபு ஒவ்வொரு நம்பராகத் தட்டித் தட்டி, தன் போனில் படம் பிடித்திருக்கிறான். நாற்பத்து மூன்றையும். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் அவனுக்குச் சோறு போட்டாளாம், நான் பிடித்து வந்த சங்கராக் குழம்பு. கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் குழியில் படுத்துத் தூங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“என் தம்பிக்குத்தானே குடுத்தேன், ஊருக்கா குடுத்தேன்?” என்றாள். “தெனம் வெறுங்கையோட வந்து நிக்கறான். பொண்டாட்டி மூஞ்சைப் பாக்க முடியலக்கான்னு அழுதான். நீ பாத்துக்கினுதானே இருந்தே? ஒரு எடம், ஒரே ஒரு எடம் சொன்னியா?”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குடுத்திருப்பியா?”

மாட்டேன். சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அது வேறு விஷயம்.

“அந்த நம்பரை எதுக்குடி உன்கிட்ட சொன்னேன்?” என்றேன். “நான் செத்தா தொறக்கச் சொன்னேன். உயிரோட படுத்துக்கினு இருக்கும்போதே தொறந்துட்டியே.”

அவள் மிதவையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இதுல மாட்டி படகு சாஞ்சிருந்தா அவன் போயிருப்பான்யா. தெரிஞ்சே கண்ணி வெச்சியா?”

சாமி சத்தியமாக இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்துவிட்டு, அன்றைக்கு ஒருத்தரை ஒருத்தர் திருட்டுப் பார்வை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் நம்பரை மாற்ற உட்கார்ந்தேன். மாற்றுவது சுலபம். பூட்டைத் திறந்து, பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை ஊசியால் அமுக்கிக்கொண்டு சக்கரங்களைத் திருப்ப வேண்டும். ஒன்பது வைத்தேன். சைபர் வைத்தேன். இரண்டு வைத்தேன். காவேரி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நாளைக்கு விடியற்காலம் மறுபடி அலை தாண்ட வேண்டும். பெட்டி மட்டும் கரைக்கு வந்தால் யார் திறப்பார்கள்? ஆரோக்கியராஜிடம் சொல்லலாம். ஆனால் நான் முழுகினால் அவனும் அதே படகில் என்னோடுதான் முழுகுவான். டில்லிபாபுவிடம் சொல்லலாம், நேற்று வரைக்கும் அவன் பெயர்தான் முதலில் வந்திருக்கும். வேறு யார் என்று யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன். ஐம்பது வயதில் எனக்கு வேறு ஆள் இல்லை.

ஊசியை எடுக்காமல் சக்கரங்களைத் திரும்பச் சுற்றினேன். நாலு. ஒண்ணு. ஏழு.