வரப்போர நிரை

1
இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. கோம்பை வேதக்கோயிலில் மாலை வகுப்பு நடத்தும் உபதேசியார், நாளுக்கு ஓர் உண்மை எழுதி வரச் சொன்னார். நான் எழுதினேன்: "மதினிக்கு மூன்று மாதம். மதினி மகிழ்ந்தாள்."

மதினி, என் அண்ணன் மனைவி இன்னாசியம்மாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏலே பங்கிராசு, நான் மகிழ்ந்தத நீ எங்கன நின்னு பாத்த?"

(பார்க்கவில்லை. கர்ப்பிணி என்றால் மகிழ்வாள் என்று எழுதிவிட்டேன்.)

2
திருத்திய தொடக்கம்: 1893, ஆவணி. அண்ணனுக்கு மலைமேல் அணைக்கட்டு வேலை. காய்ச்சல் மாதங்களில் வேலையை நிறுத்தியதால் அண்ணன் வீட்டில் இருந்தார், இப்போது மலைக்குத் திரும்பிவிட்டார். மதினி...

மதினி என்ன? இந்த முறை கேட்டே எழுதினேன்.

"கடைக்குட்டிக்கு ஒம்பது வயசு. இப்பத்தான் ரெண்டு கையும் எனக்குன்னு வந்துச்சு. தை பிறந்ததும் மலைக்குப் போயி அவுகளோட இருக்கலாம்னு கெடந்தேன். இது எனக்கு வேணாம்லே."

3
எங்கள் பக்கம் களையெடுப்பில் வரப்போர நிரை, அதாவது வரப்பை ஒட்டிய வரிசை, கர்ப்பிணிக்கு. நினைத்தபோது வரப்பில் உட்காரலாம். அந்த நிரையைப் பிடிப்பதே ஊருக்குச் சொல்வது. மதினி இரண்டு வாரம் நடுநிரையிலேயே குனிந்தாள்.

புதன்கிழமை பக்கத்து நிரை மாயக்காள் கேட்டாள்: "என்னடி இன்னாசி, நாலு செடிக்கு ஒருக்கா நிமிருற?"

மதினி நடந்துபோய் வரப்போரம் குனிந்தாள்.

"ஆத்தாடி! காய்ச்சலுன்னு ஆம்பளைகளக் கீழ அனுப்புன அணைக்கட்டுத் தொரையச் சொல்லணும்!"

காடே சிரித்தது. மதினியும் சிரித்தாள். (இது நான் நின்று பார்த்தது.)

4
முடிவு ஒன்று: அன்று முதல் மதினி மனம் தேறினாள்.

அடித்துவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி நடுநிரை.

முடிவு இரண்டு: மதினிக்குப் பிள்ளை வேண்டாமலே...

வெள்ளிக்கிழமை வரப்பில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு கம்மங்கூழ் குடித்தாள். இதையும் அடித்தேன்.

"எப்படி முடிக்க மதினி?"

"பிள்ளையே இன்னும் பொறக்கல. உனக்கென்னலே அவசரம்? உங்கண்ணனுக்கு ஒரு காயிதம் எழுது."

"என்னன்னு?"

"மலைக் குடிசைக்குக் குறுக்க உறுதியா ஒரு கம்பு போடச் சொல்லு, தொட்டில் கட்ட. காய்ச்சல் மாசம் கழிச்சு ஆடியில ரெண்டு பேரா வாரோம்னு எழுது."

எழுதினேன். மதினியின் கதை முடிந்ததாக நினைக்க ஆசைதான். ஆனால் என் முடிவுகள் இரண்டு ஏற்கனவே அடிபட்டுக் கிடக்கின்றன. அதனால் கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுவதானால், மதினியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடிதம் காலையில் மலையேறுகிறது. "அதுக்குள்ள மனசு மாறினா?" என்று கேட்டேன்.

"மாறும்," என்றாள். "நீ அனுப்பு."