பாப்பா இங்கயே இருக்கட்டும்

ஐம்பதை நெருங்குகிற ஒருத்தியை ஊரே பாப்பா என்று கூப்பிட்டால், அவளுக்கு வேறு உறவுப் பெயர் எதுவும் வாய்க்கவில்லை என்று அர்த்தம். பாப்பாவை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. படுக்கையில் விழுந்த அம்மாவைப் புரட்டிப் போட்டு, துடைத்துவிட்டு, ஊட்டிவிட்டு, தலை நரைத்ததுதான் அவள் கண்ட மிச்சம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவின் அறையில், அம்மாவின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். போவதற்கு அவளுக்கு வேறு இடம் ஏது?

அந்த அறைமேல் அண்ணி ரொம்ப நாளாகவே கண் வைத்திருந்தாள். தன்னுடைய அம்மாவைக் கூட்டிவந்து அதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாப்பாவுக்குப் பெண்கள் விடுதி ஒன்றில் இடம்கூடப் பார்த்துவிட்டாள். "நாலு பேரோட கலகலன்னு இருப்பே பாப்பா. இங்க தனியா சுவத்தப் பாத்துக்கிட்டு என்ன சுகம்?" என்று தேன் ஒழுகச் சொன்னாள். அண்ணன் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அவன் எப்போதும் அப்படித்தான்.

பாப்பாவைக் காப்பாற்றியது ஒரு வீடியோ.

அம்மாவுக்கு ஊசி போட வந்துபோன நர்ஸ் அதை எடுத்திருந்தாள். பாப்பா மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா ஏதோ சொல்ல வேண்டும் என்று சைகை காட்ட, தன் பழைய ஃபோனில் பதிந்துவைத்தாள். அந்த நர்ஸுக்கு நம் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. வேலையை விட்டுப் போகும்போது ஒரு மெமரி கார்டைப் பாப்பா கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். கம்ப்யூட்டரில் போட்டால் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. அம்மா தலையணையில் சாய்ந்திருக்கிறாள். கையைத் தூக்கி எதிரே காட்டுகிறாள். உதடு ரெண்டும் ஒட்டிப் பிரிகிறது, ஒட்டிப் பிரிகிறது. பா-ப்பா. அப்புறம், இங்கயே இருக்கட்டும். மற்றதெல்லாம் வேகமாகப் போகிறது, பிடிபடவில்லை. ஆனால் இது குழந்தைக்குக்கூடப் புரியும்.

சித்தப்பா வந்து பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா இங்கயே இருக்கட்டும்னு உங்கம்மா சொல்றா. இதுக்கு மேல யாராவது அவளைக் கிளப்பினீங்க, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார். விடுதிப் பேச்சு அத்தோடு அடங்கியது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பாப்பா அந்த ஊமைப் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். பெற்ற வயிறு மறக்கவில்லையே என்று நெஞ்சு குளிரும்.

அதோடு விட்டிருக்கலாம். மகராசி, விட்டாளா?

ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது அண்ணி வாயை விட்டாள். "வாய் அசையறதெல்லாம் வார்த்தையா? கொட்டாவி விட்டாக்கூட பாப்பான்னுதான் தெரியும்."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. "சத்தம் வந்தா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவீங்க அண்ணி?"

"வரட்டுமே. நானும்தான் கேக்கறேன்."

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "சத்தம் வரட்டும். அம்மா என்ன சொல்லியிருக்காங்களோ அதுபடியே செஞ்சிடலாம். அப்புறம் யாரும் பேசக் கூடாது." அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் என்று பார்த்தால் அந்த வருஷத்தில் அதுதான்.

நாத்தனாரும் அண்ணியுமாகக் கிளம்பிக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்கள். கடைக்காரனைத் தெருவில் எல்லாரும் ஹெட்ஃபோன் என்பார்கள். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவானா என்பது சந்தேகம். கார்டை வாங்கிச் செருகினான். படம் ஓடியது, ஓசை இல்லை.

"வீட்ல ஸ்பீக்கர் பாத்தீங்களா?"

"பாட்டெல்லாம் நல்லா கேக்குதே தம்பி. இது ஒண்ணுதான் ஊமையா இருக்கு."

வேறொரு பிளேயரில் போட்டான், அதற்கும் அசையவில்லை. ஃபைலின் விவரத்தைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "சத்தம் உள்ளதான்மா இருக்கு. பழைய ஃபோன்ல, அதுக்குன்னு ஒரு தனி முறையில பதிஞ்சிருக்கு. அதை அவிழ்க்கிற கோடெக்னு ஒரு சின்ன ப்ரோகிராம் உங்க கம்ப்யூட்டர்லயும் இல்ல, இதுலயும் இல்ல. படத்தோடது இருக்கு, சத்தத்தோடது இல்ல. அவ்வளவுதான்."

"போட்டா வந்துடுமா?"

"வராம எங்க போகும்?"

பாப்பா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் கலவரம் தெரிந்ததில் பாப்பாவுக்கு உள்ளூர அப்படி ஒரு குஷி. சித்தப்பாவை வரவழைத்து, அண்ணனை உட்காரவைத்து, சத்தத்தை முழுசாக வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று மனசுக்குள் நாற்காலிகளைக்கூட வரிசையாகப் போட்டுவிட்டாள்.

ஹெட்ஃபோன் எதையோ இறக்கினான், நிறுவினான், முதலில் தான் மட்டும் கேட்டுப் பார்த்தான். தலையாட்டினான். "வந்துடுச்சு. ஆமா, மாமா யாரு?"

"மாமாவா?" பாப்பா சிரித்தாள். "நல்லா கேளு தம்பி. பாப்பா. பாப்பாங்கறது நான்தான்."

"இல்லம்மா, மாமான்னுதான் கேக்குது. நீங்களே கேளுங்க."

ஒயரைப் பிடுங்கினான். அம்மாவின் குரல், அந்தக் கரகரப்பு மாறாமல், கடை முழுக்கக் கேட்டது.

"மாமா இங்கயே இருக்கட்டும். வெள்ளை அடிக்கறேன், அது இதுன்னு யாரும் மாமாவைக் கழட்டி வேற ரூம்ல மாட்டக் கூடாது. மாமா இங்கயே இருக்கட்டும்."

அம்மா தன் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவாள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், நர்ஸின் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் படம் மாட்டியிருந்தது. அந்தக் கை நீண்டது அதைப் பார்த்துத்தான். உதட்டுக்குப் பாவும் மாவும் ஒன்றுதான், ஒட்டிப் பிரிந்தால் போதும். தொண்டைதான் வித்தியாசம் காட்டும்.

பாப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வீடியோ இன்னும் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது. அந்தக் கடைசித் துண்டில்தான் தன் பேர் வரும் என்று அந்த நிமிஷத்திலும் நம்பினாள், பாவி. நர்ஸ் புரியாத பாஷையில் ஏதோ கேட்டாள். அம்மா பதில் சொன்னாள்.

"அவளா? எங்க போய்த் தொலைஞ்சாளோ. வந்தா பெட்பேனை எடுக்கச் சொல்லு. நாறுது."

வீடியோ முடிந்தது. ஹெட்ஃபோன் பக்கென்று சிரித்துவிட்டு, ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை இருமலாக்கினான். அண்ணி சிரிக்கவில்லை. ஃபோனை நீட்டி, "இதுல சத்தத்தோட ஓடற மாதிரி ஒண்ணு ஏத்திக் குடுங்க. சித்தப்பாவுக்கு அனுப்பணும்" என்றாள்.

வீட்டில் அண்ணன் சத்தத்தோடு கேட்டான். ஒரு தடவைதான் கேட்டான். "சரி, அம்மா சொன்னபடியே செஞ்சிடலாம்" என்றான். சித்தப்பா பதில் போடவில்லை. அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம் மட்டும் ஃபோனில் விழுந்தது.

அடுத்த வாரம் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். அண்ணியின் அம்மா தன் பெட்டிகளோடு கூடத்தில் காத்திருந்தாள். பாப்பாவின் துணிப்பை வாசலில் இருந்தது. அவள் செருப்பை மாட்டப்போகும் நேரத்தில் அண்ணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"பாப்பா, போறதுக்கு முன்னாடி மாமா படத்தை மாட்டிட்டுப் போயிடேன். எனக்கு எட்டல."

பாப்பா ஸ்டூலில் ஏறி மாட்டினாள்.

"கோணலா இருக்கு," என்றாள் அண்ணி.

பாப்பா நேராக்கிவிட்டு இறங்கினாள்.