நிறையாத தொட்டி

அந்த வீட்டு மாமனார் தன் செப்டிக் டேங்கைப் பற்றிப் பெருமையடித்தபோதே இன்ஜினியருக்கு அதில் ஏதோ கோளாறு என்று பட்டது.

"என் கையால கட்டினதும்மா. வீடு கட்டின நாள்லேருந்து ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டு எடுத்ததில்லை. மத்தவங்க வீட்டுத் தொட்டியெல்லாம் நிரம்பி வழியும். நம்மளது மட்டும் ஊத்தினதையெல்லாம் குடிச்சுட்டுப் பேசாம கிடக்கும்."

"இப்போ என்ன ஆச்சு?"

"வயசாயிடுச்சு, என்னை மாதிரி. எதுவும் அடங்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்தில் நின்ற மகன் சிரிக்கவில்லை.

பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளுக்குக் கழிவுநீர்த் தொட்டியும் வடிகாலும் வரைந்து கொடுப்பது அவள் தொழில். உறவுக்காரர்கள் அவளை "பெரிய இன்ஜினியர்" என்று அறிமுகப்படுத்துவார்கள்; என்ன வேலை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிந்த ஒன்று, நிறையவே நிறையாத தொட்டியைப் போல மோசமான தொட்டி வேறில்லை என்பது. தொட்டி என்றால் நிறைய வேண்டும். கசடு அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் வழிந்து மண்ணுக்குள் போக வேண்டும். எதுவுமே தங்கவில்லை என்றால் எல்லாமே வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வீட்டின் பின்பக்கம் புல் தேவைக்கு மேல் செழித்திருந்தது. கால் வைத்தால் சதக்கென்று உள்ளே போனது. மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியதை மரியாதைக்காக அடக்கிக்கொண்டாள். அதே சரிவில் கொஞ்சம் கீழே கிணறு இருந்தது. கல்லை நெருக்கி அடுக்கிக் கட்டிய அழகான கிணறு. தொட்டியடியில் நின்று பேசினால் கிணற்றடியில் இருப்பவருக்குக் கேட்கும், அவ்வளவு பக்கம்.

உள்ளே உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். மாமியார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வீட்ல எத்தனை பேர்?"

"நாங்க நாலு பேர். என் பொண்ணு கைக்குழந்தையோட வர்றா, கொஞ்ச மாசம் இருப்பா. அவளையும் சேர்த்துக்கோங்க."

"அந்தச் சின்ன ரூம் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை. சாமான் போட்டு வெச்சிருக்கு."

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு தொட்டில் கால்களை மேலே தூக்கியபடி சுவரில் சாய்ந்து கிடந்தது. மருமகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "கடையில வாங்கின தண்ணிதான் மேடம்," என்றாள் மெதுவாக.

"வீட்டுக் கிணத்துல தேன் மாதிரி தண்ணி இருக்கு," என்றாள் மாமியார், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இவளுக்கு மட்டும் அது ஆகாது. மகாராணி."

மறுநாள் மண்ணைப் பார்க்க பொக்லைன் வந்தது. அதை ஓட்டியவருக்கு ஊரில் ரேடியோ என்று பெயர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டிருந்தது. பின்பக்கம் முதல் குழி வெட்டியதும் அவரே வாயை மூடிக்கொண்டார். மேலே களிமண், அதற்குக் கீழே சாம்பல் படிந்த ஈரம், அதற்கும் கீழே பாறை. இன்ஜினியர் குழிக்குள் இறங்கி மண்ணை உருட்டிப் பார்த்தாள். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் தேங்கி நிற்கும் என்று அந்தச் சாம்பல் நிறமே சொன்னது. பின்பக்கம் முழுக்க வெட்டியும் கதை அதுதான்.

வாசல் பக்கம், மேட்டில், மண் வேறு மாதிரி இருந்தது. சிவப்பாக, பொலபொலவென்று. சின்னக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றியபோது அது அவசரப்படாமல், தயங்கவும் செய்யாமல், ஒரே சீராக இறங்கியது. அவளுக்கு அது போதும்.

"பழைய தொட்டியை மூடிடலாம். புதுசா ரெண்டு அறையோட தொட்டி, வீட்டுக்குப் பக்கவாட்டுல. அதுல தெளியற தண்ணியை ஒரு பம்பு இந்த மேட்டுக்குத் தள்ளும். மண்ணுக்கடியில ஜல்லி, ஜல்லிக்குள்ள ஓட்டை போட்ட குழாய். மேல வெறும் புல்லு."

மாமனார் முகம் மாறியது. "நம்ம வீட்டுக் கழிவு வாசலுக்கு வர்றதா? வர்றவங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டா உள்ள வரணும்?"

"மேல ஒண்ணுமே தெரியாது. நாத்தம் வராது. பின்னாடி இடம் இல்லை, மண்ணு இல்லை, கிணறு வேற கிட்ட இருக்கு."

"கிணத்தை எதுக்கு இழுக்கறீங்க? அது பாறைக் கிணறு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அவன் பழக்கமே அது என்று அவளுக்கு அதற்குள் புரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மருமகள் கிணற்றடிக்கு வந்தாள். கையில் குடம் இருந்தது. ஆனால் தண்ணீர் எடுக்கவில்லை.

"மேடம், இந்தக் கிணத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமா? நிச்சயமா?"

"சாயம் விட்டுப் பார்க்கலாம். ஏன் கேக்கறீங்க?"

மருமகள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், பல தடவை மனசுக்குள் சொல்லிப் பழகியதைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். போன மழைக்காலத்தில் அவள் குழந்தை இறந்துபோனது. பெண் குழந்தை, தவழ ஆரம்பித்திருந்தது. வயிற்றுப்போக்கு; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கண் செருகிவிட்டது. பால் பாட்டிலை ஒழுங்காகக் கழுவவில்லை என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கடைத்தெருவில் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவள் கையைப் பார்த்தார்கள்.

"பாட்டிலை நான் தினமும் கொதிக்க வெச்சேன் மேடம். தண்ணியையும் கொதிக்க வெக்கணும்னுதான் சொன்னேன். நம்ம கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வெக்கறது அதை அவமானப்படுத்தற மாதிரின்னு அத்தை சொன்னாங்க. அவங்களே மோந்து, அவங்களே பால் கலந்து குடுப்பாங்க. அவங்களுக்கும் குழந்தைன்னா உசுரு."

"இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா நம்பணுமே. இப்போ நாத்தனார் குழந்தையோட வர்றாங்க. அதனாலதான் தொட்டியை மாத்தணும்னு அவரைப் பிடிச்சு உலுக்கி உங்களைக் கூப்பிட வெச்சேன். கொல்லையில நாத்தம் தாங்கலைன்னு காரணம் சொன்னேன்."

இன்ஜினியர் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். சாயம் வந்தா தொட்டித் தண்ணி கிணத்துக்குப் போகுதுன்னு தெரியும். குழந்தைக்கு அதனாலதான் ஆச்சான்னு அது சொல்லாது. அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியும்," என்றாள் மருமகள். "அவ்வளவு தெரிஞ்சாலே போதும்."

சாயத்தை ஒளித்து மறைத்து ஊற்ற இன்ஜினியருக்கு விருப்பமில்லை. வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டாள். மாமனார் கையை வீசினார். "ஊத்துங்க. குடம் குடமா ஊத்துங்க. நம்ம கிணத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?" அவரே கழிப்பறையில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அந்தப் பச்சைச் சாயத்தை உள்ளே தள்ளினார்.

மறுநாள் ஒன்றும் வரவில்லை. மாமனார் அவளுக்குப் போன் செய்து வெற்றியைச் சொன்னார். அதற்கடுத்த நாள் காலையில் மருமகள் கூப்பிட்டாள். "வாங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

இன்ஜினியர் போனபோது குடும்பமே கிணற்றைச் சுற்றி நின்றது. வாளித் தண்ணீர் வெயிலில் இளம் தளிரின் நிறத்தில் மினுங்கியது. அழகான நிறம்தான், பார்க்கத்தான் முடியவில்லை.

"பாசியா இருக்கும்," என்றார் மாமனார்.

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி இறைத்தார். அதுவும் பச்சை. மறுபடி இறைத்தார். கிணற்றையே காலி செய்துவிடுகிறவர் போல இறைத்து இறைத்துக் கொட்டினார். வேட்டியெல்லாம் நனைந்தது. மகன் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "விடுங்கப்பா. போதும்."

மாமியார் அந்த வாளியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை," என்றாள் மருமகள். "நீங்க வேணும்னு செய்யலை. எனக்குத் தெரியும். நானும் எதுவும் செய்யலை. பாட்டில்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல, அதே மாதிரி இதையும் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மாமியார் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"விடு," என்றான் கணவன், மனைவியின் தோளைத் தொட்டு. "இப்போ தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

மருமகள் அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள். கோபமாகக்கூட இல்லை, தோளில் விழுந்த சருகை எடுப்பது போல.

கொஞ்ச நேரத்தில் உள்ளே போன் அடித்தது. நாத்தனார்தான். மாமியார் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள், காது மந்தம். ஜன்னல் வழியே எல்லாம் வெளியே கேட்டது.

"இப்போ வர வேண்டாம்டி. கிணத்துத் தண்ணி சரியில்லை. வேலை முடியட்டும்."

"சரியில்லைன்னா? எப்போலேருந்தும்மா?"

"அதை விடுடி. வேலை முடிஞ்சதும் சொல்றேன்."

"அம்மா, அப்போ அண்ணன் குழந்தைக்கு... பாட்டில்னு சொன்னியே?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மாமியார்தான் துண்டித்தாள் என்பது வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது. அது திரும்பத் திரும்ப அடித்தும் அவள் எடுக்கவில்லை.

இன்ஜினியர் வரைபடத்தை முடித்துக் கொடுத்தாள். கிணற்றை நிரந்தரமாக மூடிவிடச் சொன்னாள். மேட்டுக்கு அப்பால், பக்கத்து வீட்டு ஆழ்துளைக் குழாயிலிருந்து தண்ணீருக்கு ஏற்பாடு ஆனது. வாசல் மேடு வேண்டாம் என்று யாரும் இப்போது வாதாடவில்லை.

பழைய தொட்டியைக் காலி செய்த அன்று அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். லாரி உறிஞ்சி முடித்ததும் ரேடியோ டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் சிமெண்ட் இல்லை, தளம் இல்லை. வெறும் பாறை. அதன் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், கிணற்றுப் பக்கமாக ஓடியது. பாதி விரிசல் கசடால் அடைந்து போயிருந்தது. அடங்காத மிச்சம்தான் இத்தனை நாளும் புல்லில் ஊறியிருக்கிறது.

மாமனார் விளிம்பில் குந்தி அதையே பார்த்தார்.

"வெட்டும்போதே பார்த்தேன்," என்றார். "கடவுளே வழி விட்டிருக்கார்னு நினைச்சேன். தளம் போடற வேலை மிச்சம்னு."

யாரோ தேற்ற வந்தார்கள். அவர் எழுந்து, கூடி நின்றவர்களைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்: "கேட்டுக்கோங்க. என் தொட்டித் தண்ணியைத்தான் என் பேத்தி குடிச்சா. என் மருமக மேல ஒரு தப்பும் இல்லை. இனிமே எவனாவது, எவளாவது பாட்டில்னு பேசினா..." பொக்லைன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோ அதையும் அணைத்தார்.

மருமகள் ஜல்லிக் குவியல் அருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே காத்திருந்தாள் என்று இன்ஜினியர் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. மாமியார் இருந்த சமையலறை ஜன்னலைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சாத்தியே இருந்தது.

வேலை முடிய மழைக்கு முந்தைய மாதம் ஆகிவிட்டது. புதுத் தொட்டியில் நீர் விட்டு, பம்பு சரியாக ஓடுகிறதா, மேட்டில் எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவு போகிறதா என்று பார்த்துவிட்டு இன்ஜினியர் கையைக் கழுவினாள். மருமகள் ஒரு பையோடு வெளியே வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடறீங்களா மேடம்?"

காரில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, அக்கா வீட்டுக்குப் போவதாகவும், அங்கே ஒரு தையல் யூனிட்டில் வேலை சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

"மாமனார்தான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரே," என்றாள் இன்ஜினியர்.

"சொன்னார். பாவம், அதுக்கப்புறம் அவர் சரியா சாப்பிடறதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தா எனக்கே தாங்கலை." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அத்தை பேசறதையே நிறுத்திட்டாங்க. சண்டைகூடப் போடறதில்லை. நாத்தனார் குழந்தை வந்துச்சுன்னா அந்தத் தொட்டிலை இறக்குவாங்க. அதுக்கு அப்புறம் நான் அங்க இருந்தா, அந்தக் குழந்தையை வெறுத்துடுவேன்னு பயமா இருக்கு மேடம். அது என்ன பண்ணுச்சு?"

"உங்க வீட்டுக்காரர்?"

"வர்றேன்னு சொல்லலை. வரலைன்னும் சொல்லலை."

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எதிர்ச் சாரியில் ஒரு மோட்டார் பைக் நின்றிருந்தது. கணவன் அதன் மேல் உட்கார்ந்திருந்தான்; ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மருமகள் பார்த்தாள். இன்ஜினியரும் பார்த்தாள். நடுவே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலை காலியானபோதும் அவன் குறுக்கே வரவில்லை.

பஸ் வந்தது. மருமகள் ஏறி, அந்தப் பக்கம் பார்க்காத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள்.