வள்ளித்தாயின் மூன்றாவது படம்

1958-ல் தென்காசியில் கல்யாண வயதில் பெண் இருந்த வீடுகளில் ஏசுவடியானின் பென்சிலைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஸ்டேஷன் ரோட்டில், அரிசிக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அவருடைய 'கிருபை ஸ்டூடியோ'. சபையார் பலர் அதை ஆண்டவருடைய கிருபை என்று நினைத்துப் பாராட்டுவார்கள். அது மனைவி கிருபைமணியின் பெயர் என்று ஏசுவடியான் யாருக்கும் திருத்திச் சொன்னதில்லை.

படம் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் பெயர் வாங்கித் தந்தது எடுத்த பிறகு செய்யும் வேலை. ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை. அதன் நடுவில் கண்ணாடி. அதன்மேல் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வரும்படி செய்வார். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் நெகட்டிவில் அது வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். பென்சிலை ஊசி போலச் சீவி, அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்பார். காகிதத்தில் அச்சிட்டால் முகம் வழித்தெடுத்த சந்தனம் போல இருக்கும்.

அதை அவர் ஊழியம் என்றே நம்பினார். "ஆண்டவரு குஷ்டரோகியத் தொட்டுச் சுத்தம் பண்ணினாரு. நான் பென்சிலால தொடுதேன்" என்பார்.

கிருபைமணி ஒருநாள் சொன்னாள்: "ஆண்டவரு தொட்டா ஆளு சுத்தமானான். நீங்க தொட்டா காயிதந்தான சுத்தமாகுது?"

ஏசுவடியான் சிரித்துவிட்டு, அடுத்த புள்ளியை அடைத்தார்.

வைகாசி மாதம் மேலகரத்திலிருந்து சுடலைக்கண்ணு என்ற விவசாயி தன் மகள் வள்ளித்தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு இருபது வயது. ஏழு வயதில் வந்த அம்மை முகம் முழுக்கக் குழி போட்டுவிட்டுப் போயிருந்தது. சிவகிரியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பெயர் இசக்கிப்பாண்டி, பட்டாளத்தில் பதான்கோட்டில் இருக்கிறான். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெண்ணை நேரில் பார்த்துச் சம்மதித்துவிட்டார்கள். அவனுக்கு மட்டும் படம் அனுப்ப வேண்டும்.

"தழும்பப் பத்தி அவனுக்கு ஒண்ணும் எழுதல அண்ணாச்சி. ரெண்டு வீட்லயும் பேசிக்கிட்டோம். நேர்ல வந்து பாத்துக்கிடுவான்லா" என்றார் சுடலைக்கண்ணு.

நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் உழைத்தார் ஏசுவடியான். அவர் கைவேலையிலேயே அதுதான் உச்சம். படத்தைக் கையில் வாங்கிய சுடலைக்கண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிரதி பதான்கோட்டுக்குப் போயிற்று. இன்னொன்றை ஏசுவடியான் மாடிப்படிக்குக் கீழே, தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டிக்குள் பெருமையாக வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து வள்ளித்தாய் தன் தாய் பாலம்மாளோடு மாடியேறி வந்தாள். சந்தைக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கீழ பெட்டிக்குள்ள இருக்க பிள்ளை யாரு?"

"என்னம்மா இப்படிக் கேக்க? நீதான்."

"எம் பக்கத்துல ரெண்டு பொம்பளைக நின்னு பாத்தாக. 'எவ்வளவு லெச்சணமா இருக்கா, யாரு பெத்த பிள்ளையோ'ன்னு எங்கிட்டயே சொல்லுதாக. நானும் ஆமான்னு சொல்லிட்டு ஏறி வந்தேன்."

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இருக்கபடியே ஒண்ணு எடுங்க. பென்சில் வைக்கக் கூடாது. அவுகளுக்கு அனுப்பணும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாந்தான் கூட்டியாந்தேன்" என்றாள் பாலம்மாள்.

எடுத்தார். பென்சிலைத் தொடவே இல்லை. இரண்டு நாள் கழித்துத் தாயோடு வந்த வள்ளித்தாய் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை வழியே ஒரு பக்கமாக விழுந்த வெயில் ஒவ்வொரு குழியிலும் நிழலைத் தேக்கியிருந்தது.

"இதுவும் நான் இல்ல அண்ணாச்சி" என்றாள். "இதுல தழும்பு மட்டுந்தான் இருக்கு."

"நீ கேட்டபடிதானம்மா எடுத்தேன்? ஒரு புள்ளியக்கூடத் தொடலியே!"

"கிணத்தடியில எங்கூடப் பேசுதவங்க யாரும் இந்தக் குழியவே பாத்துக்கிட்டு நிக்கதில்லையே. அவங்களுக்கு நான் தெரியுதேனே. உங்க கேமராப் பெட்டிக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

தாயும் மகளும் போன பிறகு இரண்டு படங்களையும் மேஜையில் அருகருகே வைத்தார். ஒன்றில் தழும்பு இல்லை, ஆளும் இல்லை. மற்றதில் தழும்பு இருக்கிறது, அப்போதும் ஆள் இல்லை. அழித்தாலும் பொய், அப்படியே விட்டாலும் பொய் என்றால் மெய் எங்கே இருக்கிறது? இருபது வருஷத் தொழிலில் அவரிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கும் மேலே, சொல்லத் தெரியாத ஒரு பரபரப்பு உள்ளங்கையில் ஊறியது.

அந்த வாரம் முழுக்க எதிரே வந்தவர்கள் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்தார். தபால்காரர், "என்ன அண்ணாச்சி, எம் மூஞ்சில ஏதும் ஒட்டியிருக்கா?" என்று துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை கிருபைமணி மறுநாள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். உயிர்த்தெழுந்த இயேசு, சந்தேகப்பட்ட தோமாவிடம் தன் கைகளைக் காட்டிய கதை. ஏசுவடியான் அதைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறார். அன்றைக்கு இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"கிருபை, சாவையே ஜெயிச்சவருக்கு ஆணித் தழும்ப அழிக்க முடியாதா?"

"ஏன் முடியாது?"

"பெறகு ஏன் வச்சிருந்தாரு?"

"அழிச்சிருந்தா இவருதான் அவருன்னு தோமாவுக்கு எப்படித் தெரியும்?"

"தோமா தழும்பப் பாத்துட்டு என்ன செஞ்சான்?"

"என்ன செஞ்சான்... அவரப் பாத்து, என் ஆண்டவரேன்னு சொன்னான்."

"அதான்! தழும்போட நிக்கல அவன்! அதப் பாத்து, அது வழியா ஏறி முகத்துக்குப் போயிட்டான்! அதத்தான் அந்தப் பிள்ளை கேக்குதா!"

இட்லியைத் தட்டில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடிவந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றால மலையை மேகம் மூடியிருந்தது. எதிரே குதிரை வண்டிக்காரர் கிதிர் முகம்மது, வண்டிக்குள் போகாமல் சாரலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது முகம், ஆயிரம் சுருக்கம். ஏசுவடியான் அவர் முன்னால் போய் நின்றார். சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வெளிச்சம் மேகம் முழுக்கப் பரவி, எல்லாத் திசையிலிருந்தும் வந்து அந்த முகத்தைத் தொட்டது. ஒரு சுருக்கமும் காணாமல் போகவில்லை. ஒரு சுருக்கத்திலும் நிழல் தேங்கவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவில் கிதிர் முகம்மது என்ற மனிதர் பீடியோடு நின்றார்.

"பாய்! வண்டியக் கட்டும்! ஐந்தருவிக்குப் போகணும்!"

"எங்கிட்டு? இப்பவா? குளிக்கவா?"

"படம் பிடிக்க!"

முக்காலி, மரக் கேமரா, கறுப்புத் துணி, படம் விழும் கண்ணாடி பிளேட் மூன்று. எல்லாம் ஏறியது. "நானும் வருதேன்" என்று கிருபைமணியும் ஏறினாள். வண்டி மேலகரத்தில் சுடலைக்கண்ணு வீட்டு முன்னால் நின்றது. விஷயத்தைக் கேட்டதும் சுடலைக்கண்ணுக்கு முகம் சிவந்தது.

"நல்ல படமாத்தான அனுப்பியிருக்கு? இப்ப எதுக்கு அண்ணாச்சி ஆகுத காரியத்தக் கெடுக்கீக?"

வள்ளித்தாய் உள்ளிருந்து வந்தாள். "அப்பா, நாளைக்கு அவுக ரயில விட்டு எறங்கி வந்து, படத்துல இருக்க பிள்ளை எங்கன்னு கேட்டா, நான் அவள எங்கன போயித் தேடிக் கூட்டியாருவேன்?"

சுடலைக்கண்ணு மகளைப் பார்த்தார், பாலம்மாளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்து, கிதிர் முகம்மதுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தாயும் மகளும் பின்னால் கிருபைமணியோடு நெருக்கிக்கொண்டார்கள்.

ஐந்தருவியில் கூட்டமான கூட்டம். எண்ணெய் வாசனை, ஈரத் துணி, அருவியின் இரைச்சல். கொஞ்சம் தள்ளி ஒரு பாறையோரம் ஏசுவடியான் முக்காலியை ஊன்றினார். கேமரா நனையாமல் சுடலைக்கண்ணு குடை பிடித்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. வள்ளித்தாய் கட்டை மாதிரி நின்றாள். முதல் பிளேட் வீணாயிற்று. இரண்டாவதில் பயம்தான் விழுந்திருக்கும் என்று எடுக்கும்போதே தெரிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கிருபைமணி வள்ளித்தாயின் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்: "ஏட்டி, இந்த இரைச்சல்ல நீ என்ன பேசினாலும் ஒருத்தருக்கும் கேக்காது. அந்தக் கண்ணாடிக்கு அங்கிட்டு அவுக நிக்காகன்னு நெனச்சிக்கோ. சொல்ல வேண்டியதச் சொல்லு."

வள்ளித்தாய் லென்ஸைப் பார்த்தாள். முதலில் தயங்கினாள். பிறகு உதடுகள் அசையத் தொடங்கின. ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். இடையில் ஒருமுறை கோபப்பட்ட மாதிரி புருவம் நெரிந்தது. சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருப்பவள் போல மோவாயைச் சற்று உயர்த்தினாள். ஏசுவடியான் கேமராவை இயக்கும் ரப்பர் பந்தை அமுக்கினார்.

மத்தியானம் இருட்டறைக்குள் சிவப்பு விளக்கின் கீழே பிளேட்டைக் கழுவிப் பார்த்தார். தழும்புகள் எல்லாம் இருந்தன. காய்ந்ததும் பழக்கத்தில் சாய்வு மேஜைக்குக் கொண்டுபோனார். பென்சிலும் கைக்கு வந்துவிட்டது. படத்தில் சேலைமேல், லென்ஸில் பட்ட சாரல்துளியின் கறை ஒன்று இருந்தது. அதை மட்டும் சரிசெய்து பென்சிலைக் கீழே வைத்தார்.

அதற்காகப் படத்தில் கையே வைக்காமலும் விடவில்லை. வெள்ளை அருவி கண்ணை இழுத்தது. அச்சுத் தாளில் வெளிச்சம் கூடப் பட்ட இடம் கறுக்கும். அச்சிடும்போது அட்டையால் முகத்தை மறைத்து, அருவிக்கு மட்டும் வெளிச்சம் கூட்டி, அதைக் கறுக்க வைத்தார். முதல் தாளில் அருவி புகை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவதில் முகம் வெளுத்துப் போயிற்று. ஐந்தாவது தாளில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள், முதலில் கண்கள் வந்தன, பிறகு உயர்ந்த மோவாய், பிறகு கன்னமும் அதன் குழிகளும், கடைசியில் மங்கலாகப் பாறை.

"கிருபை! கிருபை! ஓடியா!"

கிருபைமணி வந்து எட்டிப் பார்த்தாள். "அடியாத்தி, வள்ளித்தாயி!" என்றாள். அழகாயிருக்கிறது என்றோ தழும்பு தெரிகிறது என்றோ சொல்லவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஏசுவடியான் அந்த ஈரத் தாளைப் பிடித்தபடியே சிரித்தார், அழுதார். படைத்தவர் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் தாம் செய்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாகப் படித்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளியைத் தன் உள்ளங்கையிலும் விட்டுவிட்டார் என்று தோன்றியது. இத்தனை நாளும் அவர் வேலையைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தோமே, அவர் பார்த்த மாதிரி பார்ப்பதல்லவா நம் வேலை! "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே அரிசிக் கடையில் அளந்துகொண்டிருந்தவர் கணக்கை விட்டுவிட்டார்.

படம் பதான்கோட்டுக்குப் பதிவுத் தபாலில் போயிற்று. வள்ளித்தாய் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி வைத்தாள். முதல் படத்தில் இருப்பது போட்டோக்காரர் கைத்திறமை என்றும், இதுதான் தான் என்றும், இஷ்டமில்லாவிட்டால் எழுதிவிடலாம், வருத்தமில்லை என்றும்.

இருபத்திரண்டாம் நாள் சுடலைக்கண்ணு பிரிக்காத கவரோடு மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறினார். பின்னாலேயே பாலம்மாளும் வள்ளித்தாயும். "எனக்குப் பிரிக்கத் தைரியம் இல்ல அண்ணாச்சி. நீரே வாசியும்."

ஏசுவடியான் வாசித்தார்.

'மாமா அவர்களுக்கு இசக்கிப்பாண்டி வணக்கம். முதலில் வந்த படத்தைப் பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டினேன். அவனுக்குக் குண்டூரில் பார்த்திருக்கும் பெண்ணின் படத்தை அவன் காட்டினான். இரண்டு பேரும் அக்கா தங்கை மாதிரி இருந்தார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல யாராலும் முடியவில்லை. அதில் உங்கள் மகள் என்னமோ சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்காக நிற்கிறது போல இருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று எழுதவும். இல்லை, வேண்டாம். தை மாதம் லீவில் வந்து நானே கேட்டுக்கொள்கிறேன். நானும் ஒன்று சொல்ல வேண்டும். பீரங்கிச் சத்தத்தில் எனக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. வீட்டில் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். போட்டோவிலும் தெரியாது. உங்கள் மகளுக்கு இஷ்டமில்லாவிட்டால் எழுதலாம், எனக்கும் வருத்தமில்லை.'

சுடலைக்கண்ணு திறந்த வாய் மூடவில்லை. "ஏலே, காதா? இத எங்கிட்ட ஒருத்தனும் சொல்லலியே!"

"நாமளும் ஒண்ணு சொல்லாமத்தான இருந்தோம்?" என்றாள் பாலம்மாள்.

எல்லாரும் வள்ளித்தாயைப் பார்த்தார்கள். அவள் கடிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரியைத் தானே ஒருமுறை படித்தாள்.

"வலது பக்கமா உக்காந்து பேசினாப் போச்சு" என்றாள்.

தை மாதம் சிவகிரியில் கல்யாணம். மாலையும் கழுத்துமாகப் பொண்ணு மாப்பிள்ளை பந்தலில் நின்றார்கள். இசக்கிப்பாண்டி அவளிடம் குனிந்து ஏதோ கேட்டான். அவள் சொன்ன பதிலுக்கு அவன் சத்தமாகச் சிரித்தான், அவளும் சிரித்தாள். "அப்படியே நில்லுங்க! ஆடக் கூடாது!" என்று கத்தியபடி ஏசுவடியான் பந்தை அமுக்கினார். "ஆண்டவரே, இதுக்கு மேல ஒரு படமா!" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து வெளியே வந்து கை தட்டினார்.

கிருபைமணி அவர் முழங்கையைத் தொட்டாள். "ஏங்க, பிளேட் மூடிய உருவவே இல்லையே."

ஏசுவடியான் பார்த்தார். மூடி இருந்த இடத்திலேயே இருந்தது, பிளேட்டில் வெளிச்சமே பட்டிருக்காது. பந்தலே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அவர்தான். மூடியை உருவி எல்லாரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"மன்னிக்கணும் மாப்பிள்ளை, இன்னொரு தடவ! அவ சொன்னத மறுபடியும் சொல்லச் சொல்லுங்க!"