செதில் முளைத்த கிதார்கள்

கிதார்களுக்குச் செதில் முளைத்த வருஷம், தப்ரேஸின் வலது கட்டைவிரல் சோறு பிசையக்கூட மடங்காமல் வீங்கிக் கிடந்தது. காட்டுப்பாக்கத்தில் ஹேமநாதனின் பட்டறையில், கிதார் உடம்பின் ஓரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பட்டையை உடைந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டி மழுக்குவது அவன் வேலை. மழுக்காவிட்டால் வாசிப்பவன் கையை அது அறுக்கும். சுரண்டிய தூள் பொடுகு மாதிரி புருவத்தில் ஒட்டியது, டீயில் மிதந்தது. பசை நாற்றம் தொண்டையில் சளியாகக் கட்டியது. ஹேமநாதன் அந்த விரலைப் பார்த்து முகம் சுளித்தான். திங்கட்கிழமைக்குள் வேகம் கூடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய் மோர் குடித்தான்.

கையில் பிடித்து மர ஓரம் சீவும் டிரிம்மர் மிஷினுக்குத் தப்ரேஸ் ஒரு அட்டாச்மென்ட் செய்யப் பார்த்தான்: ஓரத்தை ஒட்டி உருள ஒரு சின்ன பேரிங், அதன் மேல் அரிசிமுனை அளவுக்கு வளைவு குடைந்த வெட்டும் அலகு. கடை இரும்பில் செய்த அலகு முதல் சுற்றிலேயே மழுங்கியது. நல்ல எஃகு பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் வெட்டும் அன்னம்மாளிடம் இருந்தது; அவளுடைய அருவாமனை லாரியின் வில்பட்டையில் அடித்தது. புதுசு ஒன்று அடித்துத் தருவதாகச் சொல்லிக் கேட்டான். அவள் பலகையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

"எட்த்துகினு போ நைனா. புளி போட்டுத் தேய்ச்சுட்டு அப்பால கை வையி. எங்க ஊட்டுக்காரரே இந்த வாடைக்குத்தான் ஓடிப்போனாரு."

அவன் புளியும் போடவில்லை, தண்ணீர் ஊற்றிக்கூடக் கழுவவில்லை. எஃகு சூடேறி நீலம் பாய்ந்து பதம் கெடாமலிருக்க வாளியில் முக்கி முக்கிச் சாணை பிடித்தான். வாளித் தண்ணீர் கொழகொழத்தது. அட்டாச்மென்ட் அருமையாக ஓடியது. அரை நாள் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஆனால் கீழே உதிர்ந்தது பிளாஸ்டிக் சுருள் இல்லை, மீன் செதில். மறுநாள் காலை எல்லாக் கிதார்களின் ஓரத்திலும் செதில் முளைத்து, மத்தி வாடை வீசியது. தெருப்பூனைகள் கூரைமேல் வந்து உட்கார்ந்தன. ஹேமநாதன் அத்தர் வாங்கித் தெளித்தான். அத்தரில் ஊறிய மத்தி இன்னும் கேவலமாக நாறியது. சாக்கடையில் வாந்தியெடுத்துவிட்டுத் தப்ரேஸை வெளியே போகச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து, நசரத்பேட்டை சர்ச்சில் வாசிக்கும் ஜஸ்டின் தன் கிதாரை வாங்க வந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு வாசித்தான்.

"வேர்வையில கூட வழுக்கல மாமே, கையும் அறுக்கல. நாத்தம்தான் கீது. ரோட்டுல தோண்டிப் போட்ட சாக்கடைப் பள்ளத்த விடவா?"

அவனைப் பார்த்து மற்றவர்களும் செதில் கிதாரே கேட்டார்கள். சில மழைக்காலம் போயிற்று. ஹேமநாதன் செதிலைத் தடவிக்கொண்டே, எல்லாம் தன் யோசனை என்று வருகிறவர்களிடம் பல்லிளித்தான். தப்ரேஸின் விரல் வீக்கம் வற்றியது, வேலையும் நிலைத்தது. அவன் மனைவி ஷாகிதா அவனைக் கொல்லையில் குளிக்கவைத்த பிறகே தட்டு வைக்கிறாள். பட்டறையில் பூனைகள் குட்டி போடுகின்றன, யாரும் விரட்டுவதில்லை.

அன்னம்மாள் மொண்ணைக் கத்தியை வைத்து வஞ்சிரத்தை வெட்ட முடியாமல் பிய்க்கிறாள். குடல் புடவையில் தெறிக்கிறது. அவளுடைய வலது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. தப்ரேஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வேறு தெருவில் சுற்றிப் போகிறான். அவளுக்கு அவன் ஒரு அருவாமனை தர வேண்டும். இன்னும் தரவில்லை.