ஆறு வாடகை டயர்கள்

கடைசி நட்டு அசையவில்லை.

தணிகாசலம் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகினான். அதன் முனையில் ஏறி நின்று, ஐம்பது வயது உடம்பின் மொத்தக் கனத்தையும் இறக்கினான். டக்! நட்டு விட்டுக்கொடுத்தது.

மணி ஒன்பது நாற்பது. பதினோரு மணிக்கு எஃப்.சி. சென்டரில் வண்டி நிற்க வேண்டும். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழ் இன்றோடு முடிகிறது. தவறினால், நாளை முதல் இந்த டிரெய்லர் லாரி சாலையில் ஓட முடியாது. வீட்டில் வேறு வருமானமும் கிடையாது.

"ஜல்தி, ஜல்தி!" என்றார் டயர்க்கடை பாய். "அஞ்சு மணிக்கு என் டயர் இங்க இருக்கணும். போன வாரம் ஒருத்தன் எஃப்.சி. முடிச்ச கையோட சென்னைக்கு லோடு ஏத்திட்டான். என் டயரோட!"

ஆனேக்கல் சாலையில் இது வருடாந்தரத் திருவிழா. வழுக்கை டயர்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாடகைக்கு எடுத்த நல்ல டயர்களை மாட்டுவார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பழையபடி வழுக்கைகள்.

ஆறாவது டயரை உருட்டிக்கொண்டிருந்தபோது ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அவன் மனைவி யசோதா இறங்கினாள். கையில் பேப்பர் ஃபைல். பின்னால் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு வாலிபன்.

"கழட்டுங்க அந்த டயரை."

"மாட்டியே முடிக்கல. அதுக்குள்ள கழட்டுன்னா?"

"இவர் முகேஷ். கவர்மெண்ட் லைசென்ஸ் உள்ள ஸ்கிராப் யார்டு. இப்ப வண்டியைக் கொடுத்தா சாயங்காலம் ஸ்கிராப் சர்டிபிகேட். அதைக் காட்டினாதான் புது வண்டிக்குத் தள்ளுபடி. ஷோரூம்ல இன்னைக்கு வரைக்கும்தான் டைம்."

"புது வண்டி பூரா சென்சார், யசோதா. நடுவழியில நின்னா லேப்டாப் தூக்கிட்டு ஒருத்தன் வரணும். இது சுத்தியலால ஒரு தட்டு தட்டினா ஓடும்."

"ஓடின லட்சணம்தான் பாத்தோமே. போன மாசம் ஓசூர் ரோடு மேம்பாலத்துல நடுவுல படுத்துக்கிச்சு. பின்னாடி வந்தவன் ஒவ்வொருத்தனும் உங்க அம்மாவை விசாரிச்சிட்டுப் போனான்."

பாய் சிரிப்பை அடக்கக் காற்றுக்குழாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து பதினஞ்சு வயசு வண்டிக்கு லோடு கிடையாதுன்னு டெப்போவுல சொல்லிட்டான்" என்றாள் யசோதா. "எஃப்.சி. வாங்கி வாசல்ல நிறுத்திக் கோலம் போடவா?"

"வேற டெப்போ பாத்துக்கலாம்."

"ஒரு மாசமா ஒவ்வொரு கதை. முதல்ல ஜோசியர் வேணாங்கறார்னீங்க. அப்புறம் புது மாடல் வரப்போகுதுன்னீங்க. இப்ப சென்சார். நிஜமா என்னதான் உங்க பிரச்சினை?"

தணிகாசலம் குனிந்து நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

யசோதா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. வண்டியின் ஆர்.சி. அவள் பெயரில். வரி, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் ஸ்ரீராம்புரம் வீட்டில் அவள் பொறுப்பு. ஸ்டியரிங் மட்டும் அவனுடையது. ஃபைலைப் பம்பர் மேல் வைத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"நம்பரை எடுத்துக்கோப்பா."

முகேஷ் வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்தான். முன் சக்கரத்துக்குப் பின்னால், வண்டியின் இரும்புச் சட்டத்தில் சேஸ் நம்பர் குத்தியிருக்கும். தாளை அதன்மேல் ஒட்டிப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். அந்தத் தேய்ப்பு இல்லாமல் எந்த யார்டும் வண்டியை வாங்காது.

"அங்க கை வைக்காத!"

தணிகாசலம் பாய்ந்து வந்து சக்கரத்தை மறைத்து நின்றான். ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது.

"சும்னே ஏன் சண்டை, அண்ணா?" கன்னடம் கலந்து கேட்டபடி முகேஷ் பயந்து ஓரடி பின்வாங்கினான். "ரெண்டு நிமிஷ வேலை."

"தள்ளுங்க" என்றாள் யசோதா.

"வேணாம்மா."

"தள்ளுங்கன்னா!"

அவன் கையிலிருந்து ஸ்பேனரை அவளே பிடுங்கிக் கீழே போட்டாள். தணிகாசலம் நகர்ந்தான்.

முகேஷ் உள்ளே குனிந்தான். கம்பித் தூரிகையால் பெயிண்டைச் சுரண்டும் சத்தம். பிறகு பென்சில் சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது.

வெளியே வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"அக்கா, இதைப் பாருங்க."

யசோதா ஆர்.சி.யோடு ஒப்பிட்டாள். "நம்ம நம்பர்தானே? ஒண்ணுகூடத் தப்பில்லையே."

"அதுக்கு அடியில பாருங்க."

பார்த்தாள். கோணலாக நின்ற ஐந்துக்கு அடியில் ஒரு எட்டின் வளைவு. மூன்றுக்கு அடியில் ஏதோ ஒரு எழுத்தின் கால். வரிசை முழுக்க நிழலாக இன்னொரு நம்பர்.

"பழைய நம்பரைச் சரியா அரைக்காம மேல குத்தியிருக்காங்க. இதை நான் எடுத்தா என் லைசென்ஸ் போயிடும்." முகேஷ் குரலைத் தாழ்த்தினான். "எஃப்.சி.க்கும் போகாதீங்க. புது சென்டர்ல இதே இடத்தைக் கேமராவுல எடுக்கறாங்க. மாட்டினா, ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் போலீஸ் கூப்பிடும்."

கையெழுத்திட்ட படிவத்தை நான்காகக் கிழித்து அவள் கையிலேயே கொடுத்தான். அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான்.

பாய் கம்ப்ரஸரை நிறுத்தினார். கடைக்குள் போனார்.

மணி பத்து இருபது. இனி பதினோரு மணிக்கு வேலையில்லை.

"இது யாரு வண்டிங்க?"

"தெரியாது." தணிகாசலம் தரையைப் பார்த்தான். "சட்டம் நாமக்கல்ல பழைய இரும்புக் கடையில வாங்கினது. கேபின் ஒரு இடம், இன்ஜின் ஒரு இடம். நம்பர் மட்டும்தான் நம்மளது."

"அப்ப நம்ம வண்டி?"

"தொப்பூர் இறக்கத்துல எரிஞ்சுபோச்சு. ஏழு வருஷம் ஆச்சு. லோடு ஏத்த சேலத்துக்குக் காலியா போறேன், வயர் பத்திக்கிச்சு. நான் குதிச்சுட்டேன்."

"கியர்பாக்ஸ் ரிப்பேர்னு ரெண்டு மாசம் வெளியூர்லயே இருந்தீங்களே..."

"அப்பதான்."

"பைத்தியமா உங்களுக்கு? இன்சூரன்ஸ் இருந்துச்சே! ஒரு போன் பண்ணியிருந்தா புது வண்டியே வாங்கியிருக்கலாமே. எந்த வருஷம் நான் கட்டாம விட்டேன்? அந்த ஒரு வருஷம்தான், அம்மாவோட ஆஸ்பத்திரியில கிடந்தேன். அப்பவும் நீங்க கட்டிட்டேன்னு சொன்னீங்களே!"

தணிகாசலம் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"கட்டினேன். தேதியை நீயும் மறந்துட்ட, நானும் மறந்துட்டேன், பழைய பாலிசி முடிஞ்சு போயிருந்துச்சு. வண்டி எரிஞ்ச நாலாம் நாள் கட்டினேன்."