காற்று வந்த நாள்

அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

காற்றைப் பிடிப்பது அவள் வேலை. கூரைக் குழாய் வழியே பம்ப் இரவும் பகலும் காற்றை உறிஞ்சும். உள்ளே இருக்கும் கரி அதிலிருந்து செனான் வாயுவைப் பிடித்து வைக்கும். பூமிக்கடியில் எவனாவது அணுகுண்டு வெடித்தால் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடலாம். வெடிப்பில் உண்டாகும் இந்த வாயுவை மறைப்பதுதான் கஷ்டம். பாறை இடுக்கில் கசிந்து வெளியே வந்துவிடும். போன வாரம் பக்கத்து நாட்டில் நிலம் குலுங்கியது. வெறும் நிலநடுக்கம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். அந்தக் காற்று எந்த நாளில் இங்கே வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லீவில் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், கணினியில் அந்த நாள் காலியாகக் கிடந்தது.

"பம்பை யாருடா நிறுத்தினது?"

உதவிப் பொறியாளன் தலையைச் சொறிந்தான். "புதுக் கட்டடத் திறப்பு விழாக்கா. மந்திரி பேசறப்ப இரைச்சலா இருக்குன்னு டைரக்டர்தான் நிறுத்தச் சொன்னார். அப்புறம் சாப்பாடு, போட்டோ... திரும்பப் போட மறந்துட்டோம்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வருஷம் முழுக்க வெறும் காற்றைக் குடித்த இயந்திரம், வேண்டிய காற்று வந்த அன்று வாயை மூடிக்கொண்டு கைதட்டல் கேட்டிருக்கிறது!

டைரக்டர் அசரவில்லை. "போன காத்தை இழுத்துட்டு வர முடியுமாம்மா? விடு. வெளியில பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க. நம்ம மெஷின்ல ஒண்ணும் மாட்டலைன்னு சொல்லிடலாம். பொய் இல்லையே?"

பொய் இல்லைதான். அதுதான் ஆபத்து. இவர் வாயால் அப்படி வந்துவிட்டால், வெடித்தவனுக்கு அதுவே நற்சான்றிதழ். அடுத்த குண்டுக்கு அவன் இன்றே குழி தோண்டுவான்.

கூட்டத்தில் டைரக்டர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க மெஷின்ல எதுவும் மாட்டல. சந்தேகம்னா இந்த அம்மாவையே கேளுங்க."

வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்தாள்.

"மாட்டாதுங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு நாத்தமே இல்லைன்னா எப்படி? காத்து வந்த அன்னிக்கு பம்பே ஓடல."

ஒரு நிருபர் பேனாவை உயர்த்தினார். "ஓடலையா? யார் நிறுத்தினது?"

"இதோ, மைக் முன்னாடி உக்காந்திருக்காரே, அவர்தான்."